கடல் பக்கம் பார்க்கும் டிஷ்

திருவொற்றியூர் பேருந்தில், காலி மீன்கூடையோடு முன்சீட்டில் இருந்த பெண் பக்கத்திலிருந்தவளிடம் சொன்னாள்:

"துணி காயப்போட மாடிக்குப் போனாலே போதும்க்கா, கீழ எங்க வூட்டுக்காரரு இன்னா பாக்குறாருன்னு தெரிஞ்சிடும்."

"எப்டி?"

"ரிமோட்ட அமுக்குனா டிவி பொட்டி ஒயரு வழியா சேதி அனுப்புது, மேல மோட்டாரு டிஷ்ஷ திருப்புது. கடல் பக்கம் பாத்தா என் சீரியலு. பேசின் பிரிட்ஜ் பக்கம் பாத்தா அவரு குஸ்தி."

"தெனம் சண்டதான்னு சொல்லு."

"அதான் துணிக்கொடிய டிஷ்ஷுல இழுத்துக் கட்டிட்டேன். திரும்பவே இல்ல. மோட்டாரு பூட்ச்சுன்னு நெனச்சிக்கினு ஒரு மாசமா எங்கூட சீரியலு பாத்தாரு."

"பாவம்டீ, அவுத்து வுடு."

"போன வாரமே அவரு கண்ணு முன்னாடி அவுத்துட்டேன்க்கா. இன்னும் கடல் பக்கந்தான் பாத்துகினு கீது."