வெள்ளை எங்கேருந்து வந்துச்சு

சிவப்புப் பாத்தியில வெள்ளை பூத்ததுக்கு மண்ணுல கோளாறு இல்லீங்க சார். உரமும் காரணமில்ல. மலர்க் கண்காட்சிக்கு நடுவரா இருக்கிற உங்களுக்கே புரியாமத்தானே என்னைத் தேடி வந்திருக்கீங்க? உக்காருங்க.

அந்தக் கருஞ்சிவப்புக் காசித்தும்பை எங்க வீட்டுக்காரர் உண்டாக்குனது. கலக்கறது, பொறுக்கறது, மறுபடி கலக்கறது, அதுலயே அவரு ஆயுசு போச்சு. கூடத்துல அவரைக் கிடத்தியிருக்கு, நான் தலைமாட்டுல உக்காந்திருக்கேன். கொழுந்தன் பின்வாசல் வழியா தொட்டிகளைத் தூக்கி வண்டியில ஏத்துறாரு. பாத்துக்கிட்டேதான் இருந்தேன். ஜன்னலோரத்துத் தொட்டி ஒண்ணுதான் அவரு கண்ணுல படல.

அந்த வருசம் பரிசை யாருக்குக் குடுத்தீங்க? கொழுந்தனுக்கு. பூவுக்கு வெச்ச பேரும் அவரு பேருதான். மேடையேறி என்ன சொன்னாரு? எங்கண்ணன் பாவம், தண்ணி ஊத்தி உதவுவாருன்னாரு. நான் கடைசி வரிசையில உக்காந்து கேட்டேன்.

சண்டையா? எதுக்கு? போட்டா புருசனை இழந்தவ புலம்புறான்னு முடிச்சிருப்பீங்க.

அப்புறம் மழையில அவரு தூக்கிட்டுப் போன தொட்டிச் செடியெல்லாம் அழுகிப்போச்சு. அண்ணி, விதை இருக்கான்னு பல்லிளிச்சுக்கிட்டு வந்தாரு. காய் முத்தட்டும் தம்பின்னேன். முத்துனதும் ஜன்னலோரத்துத் தொட்டியிலேருந்து எடுத்துக் குடுத்தேன். போன வருசம் ஒண்ணு விடாம சிவப்பு. அதுலேருந்து எடுத்த விதையத்தான் இப்ப உங்க கண்காட்சி வாசல் பாத்தி முழுக்கப் போட்டிருக்காரு.

சிவப்பையும் வெள்ளையையும் சேத்தா, முதல்ல பொறக்கிறதெல்லாம் சிவப்புதான் சார். சிவப்பு ஆதிக்கம் பண்ற குணம். வெள்ளை செத்துடாது, உள்ளேயே ஒடுங்கிக் கிடக்கும். அடுத்த தலைமுறையில, தாய், தகப்பன் ரெண்டு பக்கத்துலயும் வெள்ளைய வாங்கின செடியில தலைய நீட்டும். நாலுக்கு ஒண்ணு.

சிவப்பை மட்டும் பொறுக்கி விதை எடுக்கிறாராமே, அடுத்த வருசம் சரியாயிடும்னு? எடுக்கட்டும். அந்தச் சிவப்புலயும் மூணுக்கு ரெண்டுல வெள்ளை ஒளிஞ்சிருக்கு. வருசா வருசம் ஊரு கூடிச் சிரிக்கும். யாரும் அவருக்குச் சொல்ல வேணாம்.

தேனீ கலந்திருக்குமா? அதும் மேல ஏன் சார் பழி போடறீங்க. கொழுந்தன் கேட்டுட்டுப் போன மறுநாளே மொட்டைப் பிரிச்சு, வேலியோரத்து வெள்ளைப்பூ மகரந்தத்தைத் தூரிகையில தொட்டு நான்தான் தடவினேன். துணி கட்டிக் காவலும் இருந்தேன். நல்லா வரும் தம்பின்னு சொல்லித்தான் குடுத்தேன்.