எழுநூறு டப்பாவும் எலுமிச்சை மஞ்சளும்

சூப்பர்வைசர் ஜெயவேல் வேனை மறிக்க எண்ணூர் நெடுஞ்சாலையில் ஓடிக்கொண்டிருந்தார். நான் எதிர்க்கடையில் டீ குடித்துக்கொண்டிருந்தேன். அன்று சர்க்கரை சரியாக இருந்தது.

வேன் எங்கே போய்விடும், ஐயா? முன்னால் கன்டெய்னர் லாரி வரிசை. ஓடியே பிடித்துவிட்டார். எழுநூறு டப்பா முகக் கிரீமும் திரும்பி வந்தது. அதைப் பற்றித்தானே விசாரிக்க வந்திருக்கிறீர்கள், சொல்கிறேன்.

என் பெயர் லோகநாதன். திருவொற்றியூர் கம்பெனியில் கிரீம் கலக்குபவன். கடைசியில் கெடாமலிருக்கும் மருந்தை ஊற்ற வேண்டும். பதினோரு வருடம் ஊற்றினேன். ஒருநாள் லேப் சங்கமித்ரா ஒரு விஷயம் சொன்னார். டப்பாவில் பூஞ்சை வராமல் தடுக்கும் அதே மருந்து, நம் தோலில் குடியிருக்கும் நல்ல கிருமிகளையும் சில சமயம் தீர்த்துவிடுமாம். கெட்டதை அண்டவிடாமல் காப்பதே அவைதானாம்.

வியாசர்பாடியில் இரண்டு முறை வீட்டைவிட்டுக் கிளப்பப்பட்டவன் நான். மனசு கேட்கவில்லை. மருந்தை நிறுத்தினேன்.

சோதனைக்கு சாம்பிள் எடுத்துக் கொடுப்பது என் வேலை. இந்த முறை சங்கமித்ராவே இறங்கிவந்து எடுத்துவிட்டார். அவசரம் என்று முதலாளி நச்சரித்ததால், முடிவு வருமுன்பே வேனுக்குக் கையெழுத்தும் போட்டுவிட்டார். பிறகு பார்த்தால் சாம்பிளை வளர்த்த தட்டு முழுக்க எலுமிச்சை மஞ்சளில் கிருமிப் புள்ளிகள். அதனால்தான் ஜெயவேல் ஓடினார். முதலாளி சங்கமித்ராவை வீட்டுக்குப் போகச் சொன்னார்.

அவர் போகவில்லை. எங்கள் ஆறு பேர் கையையும் பஞ்சால் துடைத்து, வளர்த்துப் பார்த்தார். மஞ்சள் என் கையில் மட்டும்.

"இன்னா லோகு அண்ணே, க்ளவுஸ் போடலியா?"

"போட்டா மூச்சு முட்டுதும்மா."

"உனக்கா?"

"அதுங்களுக்கு."

தட்டை என் முன்னால் நகர்த்தினார். "உன் கிருமிக்கு ஊரார் மூஞ்சிதான் கெடச்சுதா?"

இரக்கம்தான் ஐயா, வேறொன்றுமில்லை. எட்டுக்குப் பத்து அறையில் நாங்கள் ஐந்து பேர். என்னுடையவையாவது அண்ணா நகர் கன்னங்களில் காற்றோட்டமாக இருக்கட்டுமே என்று, முழங்கை வரை கையை விட்டுக் கலக்கினேன்.

அந்தப் பெண்ணின் வேலையைப் பறிக்காதீர்கள். அவர் எடுத்த சாம்பிள் சரியானது. ஜெயவேல் மறித்தது இரண்டாவது வேன். திங்கட்கிழமை போன முதல் வேனுக்கு சாம்பிள் கொடுத்தவன் நான். மருந்து ஊற்றிய போன மாதச் சரக்கிலிருந்து எடுத்துக் கொடுத்தேன்.