விரல எடுக்காதீங்க தம்பி

ஆமா, வண்டியில அந்த ஸ்க்ரூவையும் திருகிப் பாருங்க. எல்லாரும் அதத்தான் திருகினாங்க! மொத மெக்கானிக்கு வலது பக்கம் திருகினாரு. ரெண்டாவது ஆளு இடது பக்கம். மூணாவதா ஒரு மகான் வந்தாரு... கார்ப்ரேட்டரையே கழட்டி, கழுவி, திரும்ப மாட்டிட்டு, "அக்கா, இனிமே கல்லு மாதிரி நிக்கும்"னாரு. நின்னுச்சு. கல்லு மாதிரியேதான் நின்னுச்சு, நட்ட நடு ரோட்டுல!

ஆக்சிலேட்டர்ல கால் இருக்கற வரைக்கும் ராஜா. கால எடுத்தா கொடகொடன்னு ஒரு ஆட்டம், அப்புறம் பொசுக்குன்னு ஆஃப். சிக்னல்ல ஒரு கால் பிரேக்குல, ஒரு கால் ஆக்சிலேட்டர்ல... கிளட்சுக்கு எங்க போறது? எனக்கென்ன மூணு காலா?

எப்பலேருந்தா? மூணு வாரமா. பத்தொம்பது வருஷமா நாற்காலி வாடகைக்கு விடுறேன் தம்பி, இந்த ட்ரக்குதான் எனக்குக் கையும் காலும். பொண்ணப் படிக்க வச்சது இதுதான். எங்க வீட்டுக்காரர் என்ன பண்ணினாருன்னா... மீன் வளத்தாரு.

சிரிக்காதீங்க. ரிட்டயர் ஆனதுலேருந்து ஒரு கண்ணாடித் தொட்டி, ஏழு மீனு. அதுங்களுக்குப் பேரு வேற! எம்பேரச் சொல்லிக் கூப்பிட்டு எத்தன வருஷமாச்சு! நான் வேர்த்து ஊத்தி வண்டியத் தள்ளிக்கிட்டு வந்தா, தொட்டியப் பாத்துக்கிட்டே "வித்துடலாமே"ங்கறாரு. மீனையான்னேன். வண்டியவாம்! இன்னிக்கு நாலு மணிக்குப் பழைய இரும்புக்காரரக் கூட்டிக்கிட்டு உங்க ஷெட்டுக்கே வர்றாரு. அதுக்குள்ள சரியாகலன்னா எடைக்குப் போட்டுடணுமாம். நானும் ரோஷத்துல சரின்னுட்டேன். என் வாய் இருக்கே...

எனக்கென்னமோ அவர்தான் எதையோ கழட்டிட்டாருன்னு சந்தேகம். ஸ்பேனர எந்தப் பக்கம் பிடிக்கறதுன்னே தெரியாது, ஆனா இந்தப் பேசாம இருக்கறவங்கள நம்பவே கூடாது தம்பி. உங்களச் சொல்லல. காலையில கூட, "தொட்டிக்கு மாட்டின ட்யூப்ப எங்கேருந்து எடுத்த"ன்னு துருவித் துருவிக் கேக்கறாரு. எனக்கு இங்க உயிர் போகுது, அவருக்கு ட்யூப்பு!

அட... என்ன பண்ணினீங்க? அப்படியே ஓடுதே! ஆட்டமே இல்ல! ...விரல வச்சு அடைச்சிருக்கீங்களா? எங்க, எடுங்க பாப்போம். ஐயோ, திணறுது. வைங்க, வைங்க! இந்த ஓட்டை வழியா காத்து உள்ள போகுதா? இதுல ஒரு ரப்பர் ட்யூப்பு இருக்கணுமா? கறுப்பா... ஒரு சாண் நீளத்துக்கு...

...

தம்பி, தப்பா நினைக்கக் கூடாது. மூணு வாரம் முன்னாடி தொட்டியோட காத்து ட்யூப்பு கிழிஞ்சு போச்சு. மனுஷன் சாப்பிடாம உக்காந்திருந்தாரு. எனக்குப் பாக்கச் சகிக்கல. பானெட்டத் தொறந்தேன். இத்தன ட்யூப்பு இருக்கே, ஒண்ணு குறைஞ்சா என்ன ஆயிடப் போகுதுன்னு...

அவர் வந்தா, பெட்ரோல் வர்ற ஜெட்டுல அழுக்குன்னு சொல்லிடுங்க. அய்யய்யோ, நாலு ஆயிடுச்சே! அதோ, கேட் பக்கத்துல அவரேதான். விரல எடுக்காதீங்க தம்பி!

வாங்க, வாங்க! எப்படி ஓடுது பாத்தீங்களா? ஜெட்டுல அழுக்காம்... எங்க உங்க இரும்புக்காரரு? வர வேணாம்னுட்டீங்களா? ஏன்... கையில என்னங்க அது, தண்ணி சொட்டச் சொட்ட... தொட்டி ட்யூப்பா?

...

அப்ப மீனுங்க?

...

தம்பி... விரல எடுங்க.