வலது பக்கத்து எண்

பிளாஸ்டிக்கின் மேல் எழுத்து ஒட்டுவதற்கு முன்னால் ஸ்பிரிட் போட்டுத் துடைக்க வேண்டும், மேடம். பலர் சோப்புத் தண்ணீரால் துடைத்துவிட்டு ஒட்டுகிறார்கள். ஒரே மழையில் ஓரம் கிளம்பிவிடுகிறது. அப்புறம் கடைக்காரனைத் திட்டுகிறார்கள்.

நடந்ததை என் கையாலேயே எழுதச் சொல்லிக் காகிதம் கொடுத்தீர்கள். காபியும் கொடுத்தீர்கள், நன்றி. எனக்கு மறைக்க ஒன்றும் இல்லை. ஆனால் எங்கிருந்து ஆரம்பிப்பது என்பதை நான்தான் முடிவு செய்வேன். வண்டியிலிருந்து ஆரம்பிக்கிறேன்.

என் பெயர் தவுனோ ரவுத்தியோ. வயது அறுபத்தொன்று. காகித ஆலை மூடும்வரை அங்கே ஃபிட்டர். குய்க்கா ஏரியின் வடகரையில் தனியாக இருக்கிறேன். வண்டியை நான் திருடவில்லை. பழைய மரம்வெட்டி முகாம் ஒன்றின் பின்னால், பைன் மரத்தடியில் பதினேழு வருஷமாகக் கிடந்தது. ஆறு சக்கரம், படகு போல உடம்பு. எழுபத்திரண்டில் செய்தது, நிலத்திலும் போகும் நீரிலும் போகும். நான் பார்த்தபோது உள்ளே மழைத்தண்ணீரும் தவளைகளும்தான் இருந்தன. முகாம்காரரின் மகள், எடுத்துக்கொண்டு போனால் இடமாவது மிஞ்சும் என்று சொல்லி, ஒரு சீட்டில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள். நான் கொடுத்த விலை புகையில் வாட்டிய பெரிய மீன் இரண்டு.

புதுப் பாகம் வாங்க எனக்கு வழியில்லை. அதில் எனக்கு வெட்கமும் இல்லை. உடம்பில் ஏழு இடத்தில் விரிசல். வீட்டு வடிகாலுக்குப் போடும் கறுப்புக் குழாயும் அதே ஜாதிப் பிளாஸ்டிக்தான். அதைச் சீவி அசிட்டோனில் ஊறவைத்தால் கூழாகிவிடும். அந்தக் கூழை விரிசலில் அப்பி, காய்ந்ததும் தேய்த்தேன். எஞ்சின், செத்துப்போன ஒரு பனி ஸ்கூட்டரிலிருந்து வந்தது. சங்கிலிகள் வைக்கோல் கட்டும் இயந்திரத்திலிருந்து. இருக்கைக்குப் பழைய பள்ளிப் பேருந்தின் மெத்தை. அச்சுகள் உடம்பைத் துளைத்து வெளியே வரும் ஆறு இடத்திலும் தண்ணீர் புகாமல் தடுக்கச் சீல் வேண்டும். அதில் மட்டும் நான் கஞ்சத்தனம் பார்க்கவில்லை. ஒரு குளிர்காலம் முழுக்கப் புகையிலையை விட்டு, அந்தக் காசில் நல்லதாக வாங்கினேன். எல்லாமாக இரண்டு வருஷம் ஆயிற்று.

எங்கள் ஏரிக்கு நவம்பரில் மூன்று வாரம் உண்டு. தண்ணீர் உறைய ஆரம்பித்திருக்கும், அதனால் படகு போகாது. பனிக்கட்டி கெட்டிப்பட்டிருக்காது, அதனால் கால் வைக்க முடியாது. அந்த மூன்று வாரத்துக்கென்றே செய்த வண்டி இது. உடைந்தால் மிதக்கும், தாங்கினால் ஏறி ஓடும். ஏரியைச் சுற்றி வேறு யாரிடமும் இப்படி ஒன்று கிடையாது. இதை உங்களுக்கு நானே சொல்கிறேன், நீங்கள் கண்டுபிடித்ததாக இருக்க வேண்டாம்.

இனி வெய்க்கோ ஹர்யூ. ஆலையில் முப்பத்தொரு வருஷம் எனக்கு மேஸ்திரி. ஏரிக்கரையிலும் எனக்கு அடுத்த வீடு. குற்றம் பார்க்கில் சுற்றம் இல்லை என்பார்கள். அவருக்குக் குற்றம் பார்ப்பதுதான் சுற்றமே. நான் ஒரு குழாயை மாட்டி முடித்தால் பின்னால் வந்து நிற்பார், ஒரு கண்ணை மூடிப் பார்ப்பார், "கோணலா இருக்கு, கழட்டிட்டுத் திரும்ப மாட்டு" என்பார். பாதி நாள் அது கோணலாகவே இருக்காது. என் கால் உடைந்த வருஷம் என் விறகு முழுவதையும் அவரே பிளந்து அடுக்கிக் கொடுத்தார், அதை மறுக்கவில்லை. அடுக்கி முடித்த கையோடு, என் கோடரியை நான் எவ்வளவு மோசமாக வைத்திருக்கிறேன் என்று அரைமணி நேரம் பேசவும் செய்தார்.

கூட்டுறவுக் கடையின் காபி மேஜையில் என் வண்டிக்குத் 'தொட்டி' என்று பெயர் வைத்தது அவர்தான். சக்கரம் வைத்த குளியல் தொட்டி. ஊர் வாயை மூட உலைமூடி கிடையாது. ஒரே வாரத்தில் எல்லோருக்கும் அது தொட்டி ஆகிவிட்டது. சோப்பு வாங்கவில்லையா தவுனோ என்று ரொட்டி விற்கிற பெண்கூடக் கேட்டாள்.

செப்டம்பரில் முதல்முறையாக அதைத் தண்ணீரில் இறக்கினேன். இருநூறு கஜம் போய்த் திரும்பினேன். உள்ளே ஒரு ஸ்பூன் தண்ணீர் இல்லை. கரையில் நின்றவர்களில் இரண்டு பேர் கை தட்டினார்கள். மேஸ்திரி தன் வீட்டுக்குப் போய் உங்கள் போலீஸ் நிலையத்துக்குப் போன் செய்தார். பதிவு எண் இல்லாத படகு என்று சொல்லி நீங்களே வந்து எனக்கு அபராதச் சீட்டு எழுதினீர்கள், ஞாபகம் இருக்கும். உங்கள் மேல் எனக்கு வருத்தமில்லை. மறுநாள் காபி மேஜையில், ஐந்து பேர் முன்னிலையில் அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"நம்பர் ஒட்டுடா தவுனோ. ரெண்டு பக்கமும் ஒட்டு, நேரா ஒட்டு. அதுவரைக்கும் உன் தொட்டி தண்ணியத் தொடக் கூடாது."

சரி மேஸ்திரி என்றேன். ஐந்து பேரையும் கேட்டுப் பாருங்கள்.

பதிவுக்காகத் தண்டர் பே நகரத்துக்கு நான்கு முறை போனேன். அலுவலகத்தில் இருந்த பெண் என் படங்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "இது வண்டியா படகா, முதல்ல நீங்க ஒரு முடிவுக்கு வாங்க" என்றாள். நிலத்தில் வண்டி, தண்ணீரில் படகு என்றேன். "அப்ப ரெண்டு வரிசைலயும் நில்லுங்க" என்று சிரித்தாள். நின்றேன். நிலத்துக்கான தகடு அக்டோபரில் வந்தது. தண்ணீருக்கான விண்ணப்பத்தில் நான் ஒரு கையெழுத்தை விட்டிருந்ததால் அது ஒருமுறை திரும்பி வந்தது. கடைசியில் நவம்பர் ஆறாம் தேதி, வியாழக்கிழமை, எண் வந்தது. எழுத்தும் இலக்கமுமாக எட்டு. முன்பக்கத்தில், இரண்டு பக்கமும், ஏழரை சென்டிமீட்டர் உயரத்தில், வண்டியின் நிறத்தோடு கலக்காத நிறத்தில் இருக்க வேண்டும். என் வண்டி பச்சை, அதனால் வெள்ளை வாங்கினேன். வெள்ளிக்கிழமை இடது பக்கம் ஒட்டினேன். வலது பக்கத்தைச் சனிக்கிழமைக்கு வைத்திருந்தேன்.

சனிக்கிழமை காலை பத்தேகால். வண்டி ஏரிக்கரைக் கொட்டகையில் நின்றது. கதவு திறந்திருந்தது. குளிரில் பசை பிடிக்காது என்று அடுப்பு மூட்டியிருந்தேன். எஞ்சினையும் ஒருமுறை ஓட்டிச் சூடாக்கி நிறுத்தியிருந்தேன். பென்சிலால் கோடு போட்டு, மட்டம் பார்த்து, முதல் எழுத்தை ஒட்டி முடித்தபோது பனிக்கட்டி உடையும் சத்தம் கேட்டது.

ஒவ்வொரு நவம்பரிலும் பனிக்கட்டியை முதலில் சோதிப்பது மேஸ்திரிதான். கடப்பாறையால் குத்திப் பார்த்துக்கொண்டே போவார். தாங்குகிற வழியில் ஊசியிலைக் கிளைகளை நட்டுக்கொண்டே போவார். அந்தக் கிளைகளைப் பார்த்துத்தான் குளிர்காலம் முழுக்க ஊர் ஏரியைக் கடக்கும். நானும்தான். யாரும் அவரைக் கேட்டுக்கொண்டதில்லை. இந்த முறை ஓடை வந்து சேரும் இடத்தில் பனிக்கட்டி மெல்லிசாக இருந்ததை முதல்நாள் பெய்த பனி மூடியிருந்திருக்கிறது. என் கொட்டகையிலிருந்து நூறு கஜம் இருக்கும். மார்புவரை தண்ணீரில் இருந்தார். கடப்பாறையை ஓட்டையின் குறுக்கே போட்டுப் பிடித்துக்கொண்டிருந்தார்.

என்னைப் பார்த்துவிட்டார். "தவுனோ, தொட்டிய எடுத்துட்டு வா" என்றார். கத்தவில்லை. பனியின் மேல் குரல் நன்றாகப் போகும்.

எதிர்க்கரையில் இருக்கும் ஐலி, நான் சொல்லக் கேட்டதாக உங்களிடம் ஒரு வாக்கியத்தைச் சொன்னாளாம். நான் அப்படிச் சொல்லியிருக்க முடியாது, தனக்குத்தான் காது கேட்பதில்லை என்றும் சொன்னாளாம். அவள் காது நன்றாகத்தான் இருக்கிறது. நான் சொன்னது இதுதான்.

"வலது பக்கம் இன்னும் ஒட்டல, மேஸ்திரி."

பிறகு அவர் சொன்னார்.

"பரவாயில்ல. வண்டிய எடு."

வண்டி என்றார். இரண்டு வருஷத்தில் முதல்முறை. முப்பத்தொரு வருஷத்தில் அவர் வாயிலிருந்து ஒரு பரவாயில்லை நான் கேட்டதில்லை. அதைக் கேட்டபோது எனக்கு நன்றாக இருந்தது. நேர்மையாக எழுதச் சொன்னீர்கள், அதனால் எழுதுகிறேன். வெயிலில் முதுகைக் காட்டி உட்கார்ந்ததுபோல இருந்தது. பிறகு திரும்பி இரண்டாவது எழுத்தை எடுத்தேன்.

கயிறு இருந்ததா என்று கேட்டீர்கள். இருந்தது. எட்டாது. போன் வீட்டுக்குள் இருந்தது. வண்டி எடுத்த எடுப்பில் கிளம்பியிருக்குமா என்றும் கேட்டீர்கள். கிளம்பியிருக்கும். அதில் யாரும் சந்தேகப்பட வேண்டாம். இரண்டு நிமிஷத்தில் அவரிடம் போயிருப்பேன். ஆனால் ஒரு பக்கம் எண் இல்லாமல் தண்ணீரில் இறக்கினால் அதற்கும் ஒரு சீட்டு உண்டு. இந்தச் சட்டத்தை எனக்குச் சொல்லிக் கொடுத்தது யார்? செப்டம்பரில் சட்டமாக இருந்தது நவம்பரில் மேஸ்திரி நனைந்ததும் மாறிவிடுமா? ஊர் என்னைப் பார்த்துத் துப்பட்டும். அந்த ஊர்தான் தொட்டி என்று சிரித்தது.

ஒவ்வொரு எழுத்தாக ஒட்டினேன். அளவுகோல் வைத்து இடைவெளி பார்த்து, கட்டைவிரலால் நடுவிலிருந்து ஓரத்துக்குத் தேய்த்து, மேல்தாளை மெதுவாக உரிக்க வேண்டும். மூன்றாவது, நான்காவது வரை அவர் பேசிக்கொண்டிருந்தார். ஐந்தாவதில் என் பெயரை மட்டும் சொன்னார். ஆறாவது ஒட்டும்போது கடப்பாறை பனிக்கட்டியில் தட்டுகிற சத்தம் கேட்டது. ஏழாவதில் அதுவும் இல்லை. எட்டாவது ஓர் ஏழு. ஏழு ஒட்டுவது கடினம், அதன் சாய்ந்த கால் கண்ணை ஏமாற்றும். அதற்கு மற்றவற்றைவிட அதிக நேரம் எடுத்துக்கொண்டேன்.

அதன்பிறகு வீட்டுக்குப் போய்ப் போன் செய்தேன். ஐலி எனக்கு முன்பே செய்துவிட்டாள் என்றார்கள். நகரத்திலிருந்து தீயணைப்பு வண்டி வர இன்னும் இருபது நிமிஷம் ஆகும் என்றார்கள். அதனால் நானே இறக்கினேன். வண்டி பனிக்கட்டியை உடைத்துக்கொண்டு போயிற்று, கெட்டியான இடத்தில் ஏறிற்று, மறுபடி உடைத்து மிதந்தது. கடப்பாறையின் ஒரு முனையில் அவர் கையுறை உறைந்து ஒட்டியிருந்தது. கை அதற்குள் இருந்தது. அவரைத் தூக்கிப் பக்கத்து இருக்கையில் உட்காரவைத்து, பெல்ட் போட்டுக் கரைக்குக் கொண்டுவந்தேன். அந்த வண்டியில் நான் ஏற்றிய முதல் ஆள் அவர்தான். சீல்களும் விரிசல்களும் அத்தனை பனிக்கட்டியைத் தாங்கின. உள்ளே இருந்த தண்ணீர் எல்லாம் அவர் உடம்பிலிருந்து வடிந்தது.

ஆம், வெய்க்கோ ஹர்யூவைச் சாகவிட்டது நான்தான். தெரிந்துதான் செய்தேன், அவசரமில்லாமல் செய்தேன். அடியில் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். நீங்கள் டேப் வைத்து வலது பக்கத்தை அளந்ததை ஜன்னல் வழியாகப் பார்த்தேன். எட்டும் ஒரே உயரம், ஒரே இடைவெளி, ஒன்றுகூடக் கோணல் இல்லை. மேஸ்திரி இருந்து இதைப் பார்த்திருக்க வேண்டும். இந்த முறை அவரால் ஒரு குறை சொல்லியிருக்க முடியாது.