எனக்குப் பிறகும் ஓடும் ரீல்

தூண்டில் நூல் சுற்றும் ரீலை வாங்கப் போகிறவர்கள் எடுத்த எடுப்பிலேயே அதன் பளபளப்பைப் பார்க்கிறார்கள். அது தவறு. கைப்பிடியைப் பிடித்து மெதுவாகச் சுற்றிப் பார்க்க வேண்டும். கொஞ்சம் ஆட்டம் இருந்தாலும் வைத்துவிட்டு வந்துவிட வேண்டும்.

ஐயா கேட்பது அழகுமுத்துவைப் பற்றி என்று தெரிகிறது. அங்கேதான் வருகிறேன். ரீலை விட்டுவிட்டு அவனைப் பற்றி மட்டும் சொன்னால் என்னைத் தவறாக நினைத்துவிடுவீர்கள்.

நான் தேயிலை பெக்டரியில் மெஷின் பழுது பார்க்கும் பிட்டராக இருந்து ஓய்வு பெற்றவன். எந்தச் சாமான் நிற்கும், எது நிற்காது என்று கைக்குத் தெரியும். மஸ்கெலியாவில் நம் நீர்த்தேக்கத்தில் தூண்டில் போடுகிறவர்கள் பலரும் மலிவான ரீலை வாங்கி, அடுத்த மழைக்குள் தூக்கி எறிகிறார்கள். எனக்கு அது பிடிக்காது. வாங்கினால் ஒரே தடவை வாங்க வேண்டும். அதனால் பெய்ட்காஸ்டிங் ரீல் என்று முடிவு செய்தேன். கம்பின் மேல் உட்கார்ந்திருக்கும். வீசும்போது பெருவிரலால் நூலை அடக்க வேண்டும். விரலை எடுத்துவிட்டால் நூல் குருவிக்கூடு மாதிரிச் சிக்கிவிடும். பொறுமை உள்ளவனுக்கான சாமான் அது.

ஹட்டனில் பைஸர் கடையில் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தேன். உடல் பிளாஸ்டிக்காக இருக்கக் கூடாது, ஒரே வார்ப்பு அலுமினியமாக இருக்க வேண்டும். உள்ளே பல்சக்கரம் பித்தளை. பேரிங் எத்தனை என்பதைவிட அது துருப்பிடிக்காததா என்பது முக்கியம். கழற்றிப் பூட்ட எளிதாக இருக்க வேண்டும், உதிரிப் பாகம் கிடைக்க வேண்டும்.

"பொண்ணுக்கு மாப்பிள பாக்குறவன்கூட இப்படித் திருப்பித் திருப்பிப் பாக்க மாட்டான், அண்ணன்," என்றார் பைஸர்.

"மாப்பிள்ள சரியில்லன்னா பொண்ணு வீட்டுக்கு வந்துரும். இது என்னா செய்யும், பாவம்?"

அவர் சிரித்துவிட்டு, "எடுங்க. கவனமா வச்சா ஒங்களுக்குப் பொறகும் ஓடும்," என்றார்.

அந்தச் சொல்லை அப்போது நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

அழகுமுத்து எங்கள் லயத்தில், அந்தத் தோட்டத்து வரிசை வீடுகளில், அடுத்த வீட்டுக்காரன். நல்லவன். அதை யார் கேட்டாலும் சொல்வேன். என் முழங்கால் வீங்கிக் கிடந்தபோது பெரிய ரோட்டுக்கு என்னை முதுகில் தூக்கிப் போனவன் அவன்தான். தூண்டில் போடப் போனால் இஞ்சி போட்ட பிளேன்டீயைப் பிளாஸ்கில் கொண்டுவந்து, முதல் கோப்பையை எனக்கு ஊற்றுவான். பிடித்த மீனில் பாதியை வழியிலேயே யாருக்காவது கொடுத்துவிடுவான். அவன் கை எப்போதும் ஈரமாகவே இருந்ததற்கு அதுதான் காரணம். அந்த ஈரக் கையோடு ரீலைத் தொடுவான்.

ஞாயிறுதோறும் ஆசையாகக் கேட்பான், கொடுப்பேன். நான் இரக்கமில்லாதவன் இல்லை. அவன் அதை மணலில் வைப்பான். ரீலுக்கு மணலைப்போல விரோதி கிடையாது. வீட்டுக்கு வந்து ஒவ்வொரு திருகாகக் கழற்றி, பழைய பல் துலக்கும் பிரஷால் துடைத்து, பேரிங்கில் ஒரு சொட்டு எண்ணெய் விடுவேன். ஒரே ஒரு சொட்டு, கூடினாலும் கெடுதல்.

ஒருநாள் டீ ஊற்றிக்கொண்டே கேட்டான்: "அண்ணே, ஒங்களுக்குப் பொறவு இந்த ரீலு எனக்குத்தானே?"

"அதுக்குள்ள என்னடா அவசரம்?"

"அவசரமெல்லாம் இல்லண்ணே. நீங்க நூறு வருசம் இருங்க. நான் நூத்தியோராவது வருசம் வந்து வாங்கிக்கிறேன்."

நானும் சிரித்தேன். ஆனால் அவன் சொன்னது நியாயம் என்று அப்புறம்தான் புரிந்தது. எனக்குப் பிள்ளைகள் இல்லை. நான் போனபின் லயத்து ஆட்கள் மரியாதையாக அதை எடுத்துப்போய் அவன் வீட்டில்தான் கொடுப்பார்கள். அவன் அதை விறகுக்கட்டின் மேல் வைப்பான். உலோகம் பார்த்து, பேரிங் பார்த்து, எல்லாம் பார்த்து வாங்கிய நான் ஒன்றை மட்டும் பார்க்கவில்லை. நீடித்து உழைக்கும் சாமானுக்கு அடுத்து வரும் கை எது என்பதை.

இந்த வறட்சியில் தண்ணீர் இறங்கி, மூழ்கிப்போன பழைய ஊரின் கோவில் வெளியே வந்ததை நீங்களும் பார்த்திருப்பீர்கள். தண்ணீர் இறங்கினால் அங்கே நடந்துபோய்ச் சூடம் ஏற்றிவிட்டு வருவது எங்கள் ஆட்களின் வழக்கம். நானும் சாமி கும்பிடுகிறவன்தான். வெள்ளிக்கிழமை விரதம் தவறியதில்லை.

அன்று மத்தியானம் கரைக்கல்லில் நின்று தூண்டில் போட்டுக்கொண்டிருந்தோம். அழகுமுத்து மடியில் சூடம் வைத்திருந்தான். "ஒங்க முழங்காலுக்காகத்தான் ஏத்தப் போறேன்ணே," என்றான். வெடித்துக் காய்ந்த தரையில் நேராக நடந்தான். கொஞ்ச தூரத்திலேயே மேலோடு உடைந்து இடுப்பு வரை சேற்றில் இறங்கினான். அவனுக்கு அப்பால் சில அடியில் ஆழத் தண்ணீர்.

"அண்ணே, கம்ப நீட்டுங்க!"

நீட்டத்தான் நினைத்தேன். ஆனால் அவனுக்கு எட்ட வேண்டுமென்றால் சேற்றோரத்தில் படுத்துத்தான் நீட்ட முடியும். படுத்தால் ரீல் சேற்றில் புதையும். கம்பு முறிந்தால் வேறு வாங்கிக்கொள்ளலாம். அதைப் பற்றி நான் யோசிக்கவே இல்லை. ஆகவே ரீலை மட்டும் கழற்ற முடிவு செய்தேன். நூலை முழுக்கச் சுற்றினேன். தூண்டில் முள்ளை வெட்டி எடுத்தேன். நூலைக் கம்பின் வளையங்களிலிருந்து ஒவ்வொன்றாக உருவினேன். பூட்டைத் தளர்த்தினேன். எந்த வேலையிலும் இடையில் பதறினால் திருகு கெட்டுவிடும்.

மேலே விறகு பொறுக்கிக்கொண்டிருந்த எங்கள் லயத்து ஜீவராணி சத்தம் கேட்டு எட்டிப் பார்த்தாள். அவள் நின்ற மேட்டிலிருந்து நான் மட்டும்தான் தெரிவேன்.

"யாருண்ணே அங்க கத்துறது? என்னாச்சு?"

"ஒண்ணுமில்ல புள்ள. முத்துவுக்குப் பெரிய மீனு மாட்டிருக்கு. அந்தக் குஷியில கத்துறான்."

"எங்களுக்கும் ஒரு துண்டு வைக்கச் சொல்லுங்க," என்று சிரித்துவிட்டுத் திரும்பினாள்.

பொய்தான். அவள் கூப்பிட்டால் நாலு பேர் ஓடிவருவார்கள். ஓடிவருகிறவர்கள் கால் எங்கே படுகிறது என்று பார்ப்பதில்லை. ரீல் கல்லின் மேல் இருந்தது.

பிறகு சேறு அவனோடு சேர்ந்து மெதுவாகத் தண்ணீருக்குள் வழுக்கியது. அவன் கடைசியாக என்னைத் திட்டவில்லை. "அண்ணே, நீங்க கிட்ட வந்துராதீங்க," என்றான். நான் போகவில்லை.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் மறைப்பது என் குணமில்லை. கோவிலுக்குப் பழைய ரோட்டுக் கல் வழியாகச் சுற்றிப் போவதுதான் வழக்கம். அது உறுதியான வழி. அவனும் அப்படித்தான் கிளம்பினான். நான்தான் கூப்பிட்டு, "சுத்திப் போவாத, நேராப் போ. நல்லா காஞ்சு கெடக்கு," என்றேன். அதற்கு முந்தின நாள் அந்த இடத்தில் என் தூண்டில் நூலின் ஈயக்குண்டு விழுந்து, மேலோட்டை உடைத்துக்கொண்டு அடி தெரியாமல் போயிருந்தது. ஆக, அங்கே நடந்தால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். தெரிந்துதான் அனுப்பினேன். அவனிடம் கோபம் எதுவும் இல்லை. கோபத்தில் செய்கிற ஆள் நான் இல்லை.

எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். ஒரே ஒரு திருத்தம். நான் அவனுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றதாக ஜீவராணி சொல்லியிருக்கிறாளாம். அது மனசுக்குக் கஷ்டமாக இருக்கிறது. அவ்வளவு பழகியவனை அப்படித் தனியாக விட்டுவிட எனக்கு எப்படி மனம் வரும்? கடைசி வரை அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டேதான் ரீலைத் துடைத்தேன்.