மேற்குச் சுவரின் முட்டு

காபி நன்றாக இருக்கிறது, பிஷப். உங்கள் மனைவி ஒருபோதும் அதைக் கொதிக்க விடுவதில்லை.

என் மகன் ஆர்வா செத்ததற்குக் காற்றுதான் காரணம் என்று எல்லோரும் சொல்கிறார்கள். காற்றின் மேல் பழி போடுவது எங்கள் கின்கெரிச் குடும்பத்தின் வழக்கமல்ல. அதனால்தான் வந்தேன்.

மரவீட்டின் பலம் வரிசையாக நிற்கும் கட்டைகளில் இல்லை. அவற்றின் குறுக்கே சரிவாகப் பதிக்கும் சாய்கட்டையில் இருக்கிறது. அதைப் பதிக்க ஒவ்வொரு கட்டையிலும் பள்ளம் வெட்ட வேண்டும். வேலை குவிந்த கோடைகளில் சில வீடுகளுக்கு அதைச் செய்யாமல் விட்டேன். பலகை அடித்து மூடிய பிறகு யார் பார்க்கப் போகிறார்கள்?

ஆர்வா பார்த்தான். நான் கட்டிய விதவை எட்னாவின் வீட்டுக் கதவு மூடவில்லை என்று சரிசெய்யப் போனவன், சுவர்ப் பலகையைப் பெயர்த்திருக்கிறான்.

"உள்ள சாய்கட்டையே இல்லப்பா. பெருங்காத்து அடிச்சா அந்தம்மா தலையிலதான் விழும்."

"நானே போயி போட்டுடுறேன். நீ வாய மூடிக்கிட்டு இரு."

"மத்த வீடெல்லாம்? ஞாயித்துக்கிழம சபையில எந்திரிச்சுச் சொல்லிடுறேன். நீங்களும் பக்கத்துல நில்லுங்கப்பா."

அவன் குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் எனக்கு அதை அடக்கத் தெரிந்திருக்கும்.

போன சனிக்கிழமை, தரையில் கோத்த யோடர் வீட்டுச் சுவர்ச் சட்டங்களை ஊரே சேர்ந்து தூக்கி நிறுத்தினோம். நீங்களும் கை கொடுத்தீர்கள். சுவர் தூக்கும் நாளில் தலைமைத் தச்சனான நான் சொன்னதை யாரும் ஏன் என்று கேட்பதில்லை. அது நம் பழக்கம், நல்ல பழக்கம்தான். சாப்பாட்டு மணி அடித்தபோது மேற்குச் சுவர் சாய்த்து அடித்த ஒரே ஒரு முட்டின் பலத்தில் நின்றது. காற்று ஏறிக்கொண்டிருந்தது.

"ஆர்வா, சீக்கிரம் வாடா," என்று அவன் தோழன் பெர்ரி சாப்பாட்டு மேசையிலிருந்து கத்தினான். "ஆப்பிள் பை பலகாரம் உங்கப்பா கண்ணுல பட்டா நமக்குத் தட்டுதான் மிச்சம்."

ஆர்வா சிரித்துக்கொண்டே கிளம்பினான். நான் நிறுத்தினேன்.

"அந்த முட்டக் கழட்டிட்டுப் போ."

அவன் சுவரைப் பார்த்தான். பிறகு தூரத்து மரங்களின் உச்சியைப் பார்த்தான்.

"காத்து அடிக்குதேப்பா."

"சொன்னதச் செய்."

தொப்பியை அழுத்திக்கொண்டு குனிந்தான். ஆணி பிடுங்கும் ஓசை கேட்டது. 'நில்' என்று ஒரு சொல் போதும். என் கைகள் வேறு யாருடையவையோ போலத் தொங்கிக்கொண்டிருந்தன. சுவர் மெதுவாகத்தான் அவன் மேல் சாயத் தொடங்கியது, பிஷப். கூப்பிட நேரம் இருந்தது.

எட்னாவின் வீட்டுக்கு ஆளனுப்புங்கள். மற்றவை எந்தெந்த வீடுகள் என்று இரவெல்லாம் யோசித்தேன், நினைவுக்கு வரவில்லை. ஆர்வா இருந்திருந்தால் ஒவ்வொரு வீட்டுச் சுவராகத் தட்டிப் பார்த்துக் கண்டுபிடித்திருப்பான்.

நாளை சபையில் என்னைப் பற்றி எல்லாவற்றையும் சொல்லுங்கள். ஒன்றை மட்டும் விட்டுவிடாதீர்கள். என் மகன் கடைசிவரை அப்பன் சொல்லைத் தட்டவில்லை. எங்கள் குடும்பத்தில் பிள்ளைகளை அப்படித்தான் வளர்ப்போம்.