பெரார்தோவின் தட்டு

சிரிக்காமல் கேட்பதானால் சொல்கிறேன். முதலில் அந்த அடுப்புக் கதவைச் சாத்து, புகை கண்ணைக் கரிக்கிறது... நம் லொரேத்தாவுக்குச் சித்தப்பா மகன் ஒருவன் இருக்கிறானே, நேவியோ... அவனுக்கு நடந்தது.

நவம்பர் முதல் தேதி, ராத்திரி ஒன்பது மணி. இத்தாலியில் அப்ருட்சோ மலைச் சாலை. ஈ காக்கை இல்லை. நேவியோ மட்டும், சைக்கிளில். மலையூர்களையெல்லாம் ஒற்றை ஆளாகச் சுற்றிவிட்டு வருகிறேன் என்று ஜம்பமாகக் கிளம்பியவன். காலையில் தின்ற சீஸ் துண்டோடு சரி. கடைசி ஏற்றத்தில் கால் வெடவெடத்தது, கண் இருட்டிக்கொண்டு வந்தது. சங்கிலி மட்டும் கிர்... கிர்... என்றது.

உச்சியில் ஒரு சிற்றூர். கடை அடைத்தாயிற்று. வீட்டுக்கு வீடு ஜன்னலில் ஒரு விளக்கு, கதவு தாழிடாமல். அது என்ன ராத்திரி என்று அவனுக்குத் தெரியாதா? இறந்தவர்கள் வீட்டுக்கு வந்து சாப்பிட்டுவிட்டுப் போகிற ராத்திரி. அவர்களுக்குச் சாப்பாட்டை மேஜையில் வைத்துவிட்டு இழுத்துப் போர்த்திப் படுத்துவிட வேண்டும். என்ன சத்தம் கேட்டாலும் எழுந்து வரக் கூடாது. கூப்பிட்டுப் பார்த்தான். யார் வருவார்கள்?

கடைசி வீட்டுக் கதவைத் தள்ளினான். மேஜையில் ஒரே ஒரு தட்டு. ரொட்டி, பன்றிக்கொழுப்பில் வதக்கிய கொண்டைக்கடலை... அந்த வாசனை! சின்ன வயதில் தாத்தாவுக்கு வைத்ததையே திருடித் தின்றிருக்கிறான், ஒன்றும் ஆகவில்லை. பசி கண்ணை மறைத்தது. வழித்துத் தின்றுவிட்டு, பக்கத்துக் கொட்டகையில் வைக்கோலுக்குள் போய்ப் படுத்தான்.

விடிந்ததும் அந்த வீட்டுக் கிழவி வந்து எழுப்பினாள். எர்சீலியா என்று பெயர்.

"அடப்பாவமே, இந்தக் குளிர்லயா படுத்துக் கிடந்த? கதவு தொறந்துதானே இருந்துச்சு தம்பி!"

கையைப் பிடித்து உள்ளே இழுத்துப் போய் ரொட்டியும் சூடாகப் பாலும் கொடுத்தாள். அவள் கண் அழுது அழுது வீங்கியிருந்தது.

"என் புள்ள பெரார்தோ... பனிச்சரிவுல போயிட்டான். வருஷா வருஷம் வைக்கிறேன், ஒரு தடவகூட வந்ததில்ல. நேத்து வந்தாம்பா." குரல் உடைந்தது. "கட்டில்கிட்ட நின்னு, 'பசிக்குதும்மா, தட்டு காலியா இருக்கே, என்னை மறந்துட்டியா'ன்னு கேட்டான். வச்ச ஞாபகம்தான் எனக்கு. பாழாப்போன புத்தி... பெத்த புள்ளய பட்டினி போட்டுட்டேனே!"

நேவியோ பால் கோப்பையைக் கீழே வைத்தான். பேசாமல் சைக்கிளை எடுத்திருக்கலாம். யாருக்குத் தெரியப் போகிறது? ஆனால் அந்த அழுகையைக் கேட்ட பிறகு எப்படிக் கிளம்புவது, நீயே சொல்.

"நீங்க மறக்கலம்மா," என்றான். "நான்தான் தின்னுட்டேன்."

அவள் திட்டவில்லை. முகம் அப்படியே மலர்ந்தது. ஆனால் பார்வை அவன் மேல் இல்லை... அவன் தோளைத் தாண்டிப் பார்த்தாள்.

"கேட்டியாடா? அம்மா மறக்கலடா கண்ணு."

ரொட்டியில் ஒரு துண்டு பிய்த்து, அவன் காதோரமாகப் பின்னால் நீட்டினாள். நேவியோ திரும்பவில்லை. நனைந்த கம்பளி நாற்றம்... பிடரியில் சில்லென்று மூச்சு...

நீட்டிய கை வெறுங்கையாகத் திரும்பியது. அவள் அடுத்த துண்டைப் பிய்த்தாள்.